விடுன்னா லீவ்தானே

வாங்க வாத்தியாரே, வாங்க. அந்த முக்காலியில குந்துங்க. ஒரு கால் ஆடும், பாத்து. நான் செஞ்சதுதான். கம்பெனி ரெஜிஸ்தர்ல நான் தச்சன், தெரியுமா உங்களுக்கு? இப்பவும் அப்படித்தான் கெடக்கும். துரைக்கண்ணு, தச்சன். உளிய எந்தப் பக்கம் புடிக்கிறதுன்னே எனக்குத் தெரியாது. அத்த அப்பால சொல்றேன்.

நீங்க எதுக்கு வந்தீங்கன்னு காத்தாலயே தெரிஞ்சிபோச்சி. கூலி லைன் ஆளுங்க கிளப்புக்குப் புதுசா ஷெட்டு கட்டுறீங்க. செவுத்துல கல்லு பதிக்கப்போறீங்க. இந்தத் தங்கவயல்ல நம்ம ஜனத்துல மொதமொதல்ல பூட்பால் ஆடுனவங்க பேரு அதுல வெட்டணும். நல்ல காரியம். பேரு ரெண்டுதான். ஒண்ணு நானு, அதுல யாருக்கும் பேச்சு கெடையாது. இன்னொண்ணு ராயப்பன். அங்கதான் கமிட்டிக் கெழவனுங்க மூக்கச் சுளிக்கிறானுங்க. சோல்ஜருங்ககிட்ட பிராந்தி பாட்டில் வாங்கிக்கினு சொந்தக் கோல்காரன் கையையே ஒடச்சவன், அவன் பேரு எதுக்குன்றானுங்க. அவன் பொண்டாட்டி மரியாயி வந்து, துரைக்கண்ணு அண்ணன் உயிரோடதானே இருக்காரு, அவரையே கேளுங்கன்னு சொல்லியிருக்கா. சரிதானே? கேளுங்க. கை ஒடஞ்சவன் நானு, என்னத் தவிர யாரு சொல்ல முடியும்.

இந்தாங்க, பாத்துக்கோங்க. வலது கை. இந்த மூணு வெரலும் முப்பது வருஷமா மடங்கல. சோத்தப் பெசயறது கூட இடது கையாலதான். பாக்குறவங்க அருவருப்புப் படுவாங்கன்னு விசேஷத்துக்கே போறதில்ல நானு.

ஆனா இந்தக் கை இருந்த இருப்பு இருக்குதே வாத்தியாரே, அத்த நீங்க பாத்திருக்கணும்.

நான் பொறந்தது பெங்களூர் தண்டுல, அதான் கன்டோன்மென்ட்டுல. எங்க நைனா சோல்ஜருங்க குதிரைக்குப் புல்லு போடுறவரு. சாயங்காலமானா சோல்ஜருங்க பந்தாடுவாங்க. கோலத் தாண்டி வர்ற பந்த எடுத்துப் போடுறது என் வேலை. ஒரு பந்தயும் கீழ விழ உடமாட்டேன். எப்படி வந்தாலும் புடிச்சிருவேன். ஒரு நாளு அவங்க கோல்காரன் குடிச்சிட்டுப் படுத்துட்டான், என்னப் புடிச்சி நிக்க வெச்சாங்க. அன்னிக்கு ஒரு கோலு போடல எவனும். அத்த வேடிக்கை பாக்க வந்தவருதான் பென்ரோஸ் துரை. இந்தச் சுரங்கத்துல இஞ்சினீரு, இங்க டீமுக்குக் கேப்டன். மறுநாளே என்ன ரயிலேத்திக் கூட்டியாந்துட்டாரு. ராணியம்மா ஜூபிலிக்கு ரெண்டு வருஷம் முன்னாடி அது.

வேலை இன்னா? பந்து புடிக்கிறது. அவ்ளோதான். அதுக்கு மாசாமாசம் சம்பளம். இந்த மைசூர் சீமையிலயே, ஏன், அந்த மெட்ராஸ் ராஜதானியிலயே பந்து புடிக்கிறதுக்குன்னு சம்பளம் வாங்குனவன் நான் ஒருத்தன்தான்னு நெனைக்கிறேன். ஆனா வெளிய சொல்லக் கூடாது. துரைமாருங்களுக்குக் காசு வாங்கிக்கினு ஆடுறது கேவலம். அவங்க சந்தோஷத்துக்குத்தான் ஆடணும். அதனால என்ன ரெஜிஸ்தர்ல தச்சன்னு எழுதிக்கினாங்க. யாராச்சும் கேட்டா மரவேலைன்னு சொல்லுன்னாரு துரை. ஒரு வெள்ளக்காரம்மா ஒரு தபா என்கிட்ட கேட்டுப்புட்டாங்க, என் நாற்காலி காலு ஒடஞ்சிபோச்சி, பாக்குறியான்னு. நான் பட்ட பாடு இருக்குதே.

அந்தக் காலத்து ஆட்டம் வேற வாத்தியாரே. இப்ப கோல்காரன் மேல ஒருத்தன் இடிச்சா விசிலு ஊதுறான். அப்ப பந்து கையில இருந்தா எவன் வேணாலும் தோளக் குடுத்து இடிப்பான். பந்தோட சேத்து கோலுக்குள்ள தள்ளுனா கோலு. என் வெலா எலும்பு ரெண்டு தபா நொறுங்கியிருக்குது. அப்பவும் பந்த உட்டதில்ல. லைன்ல பொம்பளைங்க தண்ணி புடிக்கப் போறப்ப என்னப் பாத்து, அதோ பந்துக்காரன்னு காட்டுவாங்க. எனக்குக் கல்யாணம் ஆனதே அந்தப் பேருலதான்.

ராயப்பனா? வர்றேன், வர்றேன். அவனில்லாம கதை ஏது.

அவன் வடார்க்காட்டுப் பக்கத்துலேந்து வந்தவன். சுரங்கத்து அடியில சம்மட்டி அடிக்கிறவன். உங்களுக்கு அந்த வேலை தெரியாது, நீங்க இங்க பள்ளிக்கூடத்துக்கு வர்றதுக்கு முன்னாடியே மெஷினு வந்துட்டுது. அப்பல்லாம் பாறையில வெடி வெக்க கையாலதான் தொளை போடணும். ஒருத்தன் கம்பியப் பாறையில வெச்சிப் புடிச்சிக்குவான். இன்னொருத்தன் சம்மட்டியால அது தலையில அடிப்பான். ஒரு மெழுவத்தி வெளிச்சம்தான். அடி விழுந்ததும் புடிக்கிறவன் கம்பிய ஒரு திருப்பு திருப்பிட்டு ‘விடு’ம்பான். ஒடனே அடி விழணும். திருப்பு, விடு, அடி. திருப்பு, விடு, அடி. நாளெல்லாம் இதுதான். குறி ஒரு வெரக்கடை தவறுனா புடிக்கிறவன் கை போச்சி. ராயப்பன் எட்டு வருஷம் அடிச்சான், ஒருத்தன் நகத்துல பட்டதில்ல. அவனுக்குக் கம்பி புடிக்கணும்னு ஆளுங்க போட்டி போடுவாங்களாம்.

பென்ரோஸ் துரை கீழ போனப்ப அத்தப் பாத்துட்டு, இவன் உதைச்சாலும் குறி தப்பாதுன்னு மேல ஏத்திக்கினாரு. ரெஜிஸ்தர்ல தோட்டக்காரன். கோலுக்கு முன்னாடி பேக்குல நிப்பான். டீமுல மத்தவங்க எல்லாம் வெள்ளக்காரங்க, இல்லன்னா பாதி வெள்ளக்காரச் சட்டைக்காரங்க. காவலுக்கு மட்டும் நாங்க ரெண்டு பேரு.

அவனுக்கு ஆட்டம்னா உசுரில்ல, அத்தச் சொல்லிடணும். அவனுக்கு வேண்டியது மேல இருக்கிறது. பந்து அந்தப் பக்கம் போயிருச்சின்னா வெயில்ல மூஞ்சியக் காட்டிக்கினு சொம்மா நிப்பான். எட்டு வருஷம் பகலே பாக்கலண்ணே, இதுக்காகவே இவங்க சொல்றதெல்லாம் கேப்பேன்னுவான். நல்லவன்தான். நான் அவன நல்லவன் இல்லன்னு என்னிக்கும் சொன்னதில்ல, எழுதிக்கோங்க.

துரை எங்களுக்கு ஒரு சட்டம் போட்டாரு. பந்து எனக்கு வேணும், நீ தொடாதன்னா கோல்காரன் ‘லீவ்’னு கத்தணும். ராயப்பனுக்கு அது சிரிப்பு. லீவுன்னா ஞாயித்துக்கெழமைதானேண்ணேம்பான். ஆனா அந்தச் சத்தம் கேட்டா ஒதுங்கிருவான். அந்த வருஷம் நாங்க தோக்கவேயில்ல. பதிமூணு மேட்சு. ரெண்டே கோலு உள்ள போச்சி, அதுலயும் ஒண்ணு கோலே கெடையாது, இப்பவும் அடிச்சிச் சொல்லுவேன்.

அப்பாலதான் ஜூபிலி வந்துது. ராணியம்மா பட்டத்துக்கு வந்து அறுவது வருஷம். ஊரெல்லாம் தோரணம். எங்களுக்கும் பெங்களூர் சோல்ஜர் டீமுக்கும் ஜூபிலிக் கப்பு. துரைமாரு, அம்மாமாரு எல்லாம் பந்தல்ல. அம்மாமாருங்க முன்னாடி வெறுங்காலா நிக்கக் கூடாதுன்னு எங்க ரெண்டு பேருக்கும் பூட்ஸு குடுத்துட்டாங்க. எனக்குக் கூட பரவால்ல, நிக்குறவன்தானே. ராயப்பன் அது வரைக்கும் செருப்பு கூட போட்டதில்ல. எவனோ ஒரு வெள்ளக்காரன் பூட்ஸு, கப்பல் மாதிரி இருந்துது, உள்ள துணியத் திணிச்சிக்கினு கட்டிக்கினான். அண்ணே, என் காலு எங்க முடியுதுன்னே தெரியலண்ணேன்னான். நான் சிரிச்சேன்.

பிராந்தி பாட்டிலா? அது ஒரு கதை. சோல்ஜருங்கள்ல ரெண்டு பேரு எனக்குப் பழக்கம், தண்டுலேந்தே. ரயிலேந்து எறங்குனதும் என்னக் கட்டிப் புடிச்சி ஒரு பாட்டில் குடுத்தாங்க. பழைய சிநேகம். அதுல ஒண்ணும் தப்பில்ல. ராயப்பன் குடிக்கவே மாட்டான். பாட்டில நான் அவன் பையில வெச்சிருந்தேன், என்கிட்ட பை இல்ல. பின்னாடி எவனோ அத்தப் பாத்துட்டு ஒண்ண ரெண்டாக்கிட்டானுங்க. ஜனங்க வாய நான் மூட முடியுமா?

ஆட்டம் ஒண்ணுக்கு ஒண்ணு. காத்தால பேஞ்ச மழையில தரையெல்லாம் செவப்புச் சேறு. முடியப் போற நேரம். பந்து ஒண்ணு தூக்கி உட்டானுங்க. நான் ஓடியாந்து பாஞ்சி தரையோட அமுக்கிட்டேன். ரெண்டு கையும் பந்து மேல. எதுக்க ஒருத்தன் எருமை கணக்கா வர்றான் இடிக்க. பக்கத்துல ராயப்பன், காலத் தூக்கவா வேணாவான்னு நிக்கிறான். எழுந்துக்கினா பந்து என்னுது. ஒரு நொடி போதும் எனக்கு. நான் கத்துனேன்.

அவன் உதைச்சான்.

பந்துக்கு நட்ட நடுவுல உதைச்சான், அத்தயும் சொல்லிடறேன். குறி தப்பல. வெறுங்காலா இருந்திருந்தா என் மேல பட்டிருக்காது. பூட்ஸு அவன் காலவிட நாலு வெரக்கடை அகலம். அடியில ஆணி வேற. மூணு வெரலு. சத்தம் எனக்கே கேட்டுது. பந்து எதுக்க வந்தவன் மொழங்காலுல பட்டுத் திரும்பி மெதுவா உருண்டு போயி உள்ள விழுந்துது. நான் படுத்துக்கினே பாத்தேன் அத்த. ரெண்டுக்கு ஒண்ணு. கப்பு போச்சி.

நான் இன்னா கத்துனேனா?

வாத்தியாரே, நோட்ட மூடி வெய்யுங்க கொஞ்சம். மனுசனும் மனுசனும் பேசிக்கிறதுதான் இது.

துரை மறுநாள் காத்தால ஆசுபத்திரிக்கு வந்தாரு. கட்டில் ஓரத்துல நின்னாரு. அவருக்குத் தமிழு அரைகொறை. “துரைக்கண்ணு, நீ என்னா கூப்ட்டே?”ன்னு கேட்டாரு. கையில கட்டு, வலி உசுரு போவுது. எதுக்க நிக்கிறது கேப்டன். “லீவ், சார்”னேன். தோளத் தட்டிட்டு, குட் மேன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. அவ்ளோதான் நான் பேசுனது. ராயப்பன் வேணும்னு உதைச்சான்னு நான் சொன்னேனா? பாட்டில்னு சொன்னேனா? ஒரு வார்த்தை. அவரு கேட்டாரு, நான் சொன்னேன்.

வாயில வந்தது வேறதான். உங்ககிட்ட மறைக்க இன்னா இருக்குது. எருமை மாதிரி ஒருத்தன் மேல வர்றப்ப எவனுக்கு இங்கிலீஷு வரும்? ‘விடு’ன்னு கத்திட்டேன். ஆனா யோசிச்சிப் பாருங்க, நீங்க படிச்சவரு. லீவ்னா இன்னா? விடு. விடுன்னா இன்னா? லீவ். ரெண்டும் ஒண்ணுதானே? துரை அவங்க பாஷையில கேட்டாரு, நான் அவங்க பாஷையில சொன்னேன். இதுல பொய் எங்க வந்துது? நானும் முப்பது வருஷமா தேடிப் பாக்குறேன், அகப்படல.

ராயப்பன அன்னிக்கே எறக்கிட்டாங்க. தோட்டமும் இல்ல, பந்தும் இல்ல, மறுபடியும் அடியில சம்மட்டி. போனான். ஆனா அவனுக்குக் கம்பி புடிக்க ஆளு வரல. சொந்தக் கோல்காரன் கையையே ஒடச்சவன், அவன நம்பி எவன் கையக் குடுப்பான்? புடிக்கிற ஆளு இல்லாம சம்மட்டிய வெச்சிக்கினு இன்னா பண்றது, பாறையப் பாத்துக்கினு நிக்க வேண்டியதுதான். தெனமும் பேரு குடுக்குற எடத்துல சம்மட்டியத் தோளுல வெச்சிக்கினு நிப்பானாம். எல்லாரும் ஜோடி ஜோடியா எறங்குவாங்க, இவன் நிப்பான்.

எனக்கு அதுக்குள்ள துரை இந்தக் கிரவுண்டு கேட்டுக் காவல் வேலையப் போட்டுக் குடுத்தாரு. மொதல்ல நெசமாவே தச்சு வேலைக்கு அனுப்பிட்டாங்க, ரெஜிஸ்தர்ல அப்படித்தானே இருக்குது. இந்தக் கையோட! இந்த முக்காலி அப்ப செஞ்சது. துரை அத்தப் பாத்துச் சிரிச்சிட்டு, நீ நான் சொல்லிக் குடுத்தபடி கத்துனவன், உன்ன உடமாட்டேன்னு கேட்டுல உக்கார வெச்சாரு. கூடவே இந்த வீடு.

ராயப்பன் வந்தான். நீங்க குந்தியிருக்கிற எடத்துலதான் குந்துனான். மதியம். கையப் பாத்தான், பாத்துட்டு அழுதான். அழுது முடிச்சிட்டுச் சொன்னான். “அண்ணே, துரைகிட்ட நீ ஒண்ணும் சொல்ல வேணாம். நம்ம ஆளுங்ககிட்ட மட்டும் சொல்லு. ‘நான் விடுன்னுதான் கத்துனேன்’னு ஒரே ஒரு தபா சொல்லு. சம்மட்டி புடிச்ச எவனுக்கும் புரிஞ்சிரும். எனக்குக் கம்பி புடிக்க ஒருத்தன் வந்துருவான்.”

அவன் சொன்னதாவது, அந்த வார்த்தை காதுல விழுந்தா அவன் யோசிக்கறதில்லையாம். எட்டு வருஷம் கை பழகுனது கால் வழியா போயிட்டுதாம். கீழ குனிஞ்சி ஒருத்தன் ரெண்டு கையால புடிச்சிக்கினு விடும்பான், ஒடனே அடிக்கணும், தாமசிச்சா புடிக்கிறவனுக்குத்தான் ஆபத்து. நானும் குனிஞ்சி ரெண்டு கையால புடிச்சிக்கினு விடுன்னேன். அவன் மேல தப்பே இல்லன்னு சொல்ல வர்றான், புரியுதா?

இத்த அவன் அப்பதான் மொதல்ல சொன்னான்னு நெனைக்காதீங்க. முன்னாடியே சொல்லியிருந்தான், வாஸ்தவம். மொத வாரம் பழகுறப்ப நான் விடுன்னுதான் கத்துவேன். ஒரு தபா அவன் உதை என் காத ஒரசிக்கினு போச்சி. அவன் ஓடியாந்தான். அண்ணே, எனக்கு அந்த வார்த்தை மட்டும் வேணாண்ணேன்னு என் கையப் புடிச்சிக்கினான், இதே கையத்தான். அதனாலதான் துரை லீவ்னு மாத்துனாரு. ஆக, எனக்குத் தெரியும். தெரிஞ்சா மட்டும்? அந்த நேரத்துல வாய் கேக்குமா?

பாக்கலாம்பா, கை ஆறட்டும்னு சொல்லி அனுப்பிட்டேன். லைன்ல ஒருத்தன்கிட்ட சொன்னா சாயங்காலத்துக்குள்ள துரை காதுக்குப் போயிரும். கேட்டும் போயிரும், வீடும் போயிரும். எனக்குக் கல்யாணம் ஆகி அப்ப மூணு மாசம். இந்தக் கையோட நான் எங்க போவேன், நீங்களே சொல்லுங்க. ராயப்பனுக்கு ரெண்டு கையும் ஒழுங்கா இருந்துச்சி.

அப்பால ரெண்டு தபா வந்தான். ரெண்டாந் தபா கேட்டான். மூணாந் தபா கேக்கல. கேட்டுக்கு வெளிய நின்னு கிரவுண்டப் பாத்துக்கினே இருந்தான், வெயில்ல மூஞ்சியக் காட்டிக்கினு. நான் உள்ள போயிட்டேன்.

ஜோடி தேவப்படாத வேலை ஒண்ணு இருக்குது அடியில. வெடி வெடிச்சப்பறம் மொதல்ல போயி, தொங்குற கல்லக் கடப்பாறையால தட்டிக் கீழ தள்ளறது. அத்த யாரும் கேட்டு வாங்க மாட்டாங்க. இவன் கேட்டு வாங்கிக்கினான். கிறிஸ்மஸுக்கு ஒரு வாரம் இருக்குறப்ப கல்லு அவன் மேலயே விழுந்துது. தூக்குறப்ப நானும் போனேன். இந்தக் கையால பாடை புடிக்க முடியல, பக்கத்துலயே நடந்தேன். அழுதேன் வாத்தியாரே, யாரு அழுதாங்களோ இல்லியோ நான் அழுதேன். மரியாயி இடுப்புல கைப்புள்ளய வெச்சிக்கினு என்னப் பாத்தா. அழல, பாத்தா.

துரை அடுத்த வருஷம் சீமைக்குப் போயிட்டாரு. போறப்ப ஒரு கடுதாசி குடுத்தாரு, தோ, செவுத்துல கண்ணாடி போட்டு மாட்டியிருக்கேன். சொன்ன சொல்லுக்கு அடங்குனவன்னு எழுதியிருக்குதாம். ராணியம்மா செத்தாங்க, அவங்க புள்ள செத்தாரு. நான் கேட்டத் தொறந்துக்கினும் சாத்திக்கினும் இருக்கேன். ஒரு மேட்சு உட்டதில்ல. கோல்ல நிக்கிறவன் எவனாச்சும் விடுறான்னு கத்துனா நான் கேட்டக் கெட்டியாப் புடிச்சிக்குவேன். கண்ண மூடிக்குவேன். ஒண்ணும் ஆவாது. அவனுங்க ஒதுங்கிருவானுங்க. மெஷினு வந்தப்பறம் அந்த வார்த்தைக்கு அந்த அர்த்தமே இல்லாம போச்சி. தெரிஞ்சவனுங்க எல்லாம் செத்துட்டானுங்க. இப்ப நான் போயி லைன்ல நின்னு கத்துனாக்கூட எவனுக்கும் புரியாது.

காத்தால மரியாயி வந்தா. முப்பது வருஷமா இந்த வழியாத்தான் போறா, ஒரு வார்த்தை பேசுனதில்ல. இன்னிக்கு நின்னா. “அண்ணே, வாத்தியாரு வருவாரு. இனிமே நீ யாருக்குப் பயப்படணும்?”னா. பதிலுக்குக் கூட நிக்கல, போயிட்டா.

வாஸ்தவம்தான். யாருக்குப் பயப்படணும்? துரை இல்ல. என் பொண்டாட்டியும் போயிட்டா. வீட்ட இனிமே புடுங்குனா எத்தினி நாளுக்குப் புடுங்குவாங்க. காத்தாலேந்து யோசிச்சி சொல்லிடலாம்னுதான் இருந்தேன். ஆனா பாருங்க, நான் சொன்னா உங்க கமிட்டிக் கெழவனுங்க இன்னா பண்ணுவானுங்க? அவன் பேரக் கல்லுல வெட்டுவானுங்க, சரி. என் பேர? பொய் சொல்லி ஆளக் கொன்னவன் பேரு கல்லுல எதுக்கும்பானுங்க. அப்ப கல்லுல அவன் ஒருத்தன் மட்டும் நிப்பான். ஆட்டமே புடிக்காதவன். பதிமூணு மேட்சு, ரெண்டு கோலு, ஒடஞ்ச வெலா, அதுக்கெல்லாம் ஒரு சாட்சியும் இல்லாம நான் போயிருவேன். எனக்குன்னு இருக்கறது அது ஒண்ணுதான் வாத்தியாரே.

நீங்க வெளிய சொல்லமாட்டீங்க. சொன்னாலும், கெழவன் அப்படிச் சொல்லவே இல்லன்னு நான் சொன்னா உங்களத்தான் நம்பமாட்டாங்க. கோவிச்சிக்காதீங்க, ஒரு பேச்சுக்குச் சொன்னேன். நோட்டத் தொறங்க. மொதல்ல என் பேர எழுதிக்கோங்க. துரைக்கண்ணு, கோல்காரன். தச்சன்னு எழுதிப்புடாதீங்க.

இன்னா கேட்டீங்க? ராயப்பன் பேரு... போடவா, விடவாவா?

விடுங்க.

பாருங்க, பேனாவ மூடிட்டீங்க. ஒரு தபாதான் சொன்னேன், ஒடனே புரிஞ்சிக்கினீங்க. அவனுக்குத்தான் புரியல.